நல்லம்மாள் சொல்லாத பெயர்

பக்கிரிசாமிக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நாளிலிருந்தே அப்படித்தான் என்று அவனோடு வந்தவர்கள் சொல்வார்கள். கப்பலிலேயே மூன்று தடவை பாயைச் சுருட்டி இடம் மாறிப் படுத்தானாம். மலாய் நாட்டில் இறங்கி, காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒன்றரை வருடம் இருந்தான். கங்காணியின் குரல் பிடிக்கவில்லை. பந்திங் போனான், கொசு பிடிக்கவில்லை. பண்டமாரானில் ஏன் நிற்கவில்லை என்பதற்கு அவனிடமே காரணம் கிடையாது. கடைசியில் ரயில்வேயில் கேங் வேலை கிடைத்தது. தண்டவாளத்து ஆணி தளர்ந்திருக்கிறதா, கட்டை உளுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நாளுக்கு எட்டு மைல் நடக்க வேண்டும். நடந்துகொண்டே இருக்கச் சொல்லிச் சம்பளமும் கொடுக்கிற வேலை உலகத்தில் அது ஒன்றுதான். அதில் நிலைத்தான்.

அவன் போன இடத்துக்கெல்லாம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவள் நல்லம்மாள். காப்பாரில் இருந்தபோது கட்டிய பெண்சாதி. இரண்டு பிள்ளை பிறந்து இரண்டும் பந்திங்கிலேயே போய்விட்டன. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த லைன் வீட்டுக்கு வந்த அன்று, தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து பார்த்தாள். கதவிலிருந்து கிள்ளான் ஆறுவரைக்கும் நாற்பதடி நிலம், யாரும் கொத்தாத வண்டல் மண்.

"இனிமே நான் எங்கயும் வரல. நீங்க போறதா இருந்தா போங்க," என்றாள்.

சொன்னதோடு நிற்காமல் அன்றைக்கே யார் வீட்டிலிருந்தோ முருங்கைக் கொம்பு ஒன்றை ஒடித்து வந்து நட்டுவிட்டாள். பிறகு வங்காளி மாட்டுக்கொட்டகையிலிருந்து சாணி சுமந்தாள், மூங்கில் வெட்டிப் பந்தல் போட்டாள். பாகல், புடல், பூசணி, நாலு பாத்தி முளைக்கீரை, ஆற்றோரம் வாழை என்று ஐந்து வருடத்தில் அந்த நாற்பதடியை ஒரு சாம்ராஜ்யமாக ஆக்கிவிட்டாள். பக்கிரிசாமி வேலை விட்டு வந்தால் பந்தலடியில் நாலு நடை நடப்பான். வேறு ஊர் போகலாம் என்கிற பேச்சு அவன் வாயில் வருவது நின்றுபோயிற்று. வந்தாலும் அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

இவ்வளவு வாய் உள்ளவள் புருஷன் பெயரை மட்டும் சொல்லமாட்டாள். சொன்னால் அவனுடைய ஆயுசு குறையும் என்று தாய் சொல்லி அனுப்பியதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் பெயரில் 'சாமி' இருக்கிறதே, அதனால் சாமி என்ற சொல்லைக்கூடத் தொடமாட்டாள். கோயிலுக்குப் போனால் 'அம்மாளைக் கும்பிட்டு வந்தேன்' என்பாள், ஊர்வலம் வந்தால் 'தேர் வருது' என்பாள். ஆஸ்பத்திரியிலோ அரிசிக் கடையிலோ யாராவது புருஷன் பெயர் கேட்டுவிட்டால், தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நிற்கிற கேத்தரினை முழங்கையால் இடிப்பாள். கேத்தரின் பக்கத்து வீட்டுக்காரி, எஞ்சினில் கரி தள்ளுகிற ரபேலின் மனைவி. "அவ வீட்டுக்காரர் பேரு பக்கிரிசாமிங்க," என்று அவள்தான் சொல்வாள். சொல்லிவிட்டு, "ஒனக்கு வாய் நான்தான்டி, கூலி கொடு," என்று சிரிப்பாள். கூலி ஒரு பிடி கீரை.

1925ஆம் வருடம் ஒரு மழை வந்தது. பக்கிரிசாமி பதறிப்போய், ஆறு கரைக்கு வருவதற்கு முன்பே பெண்சாதியையும் சட்டி பானையையும் மேட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். மூன்று நாள் அங்கே ஈரத்தில் கிடந்தார்கள். வெள்ளம் வரவே இல்லை. திரும்பி வந்தபோது பாகற்காய் ஒன்றுகூட மிச்சமில்லை, பந்தல் மூங்கிலை யாரோ விறகுக்கு உருவிப் போயிருந்தார்கள். நல்லம்மாள் ஒரு மாதம் பேசினாள். "கொஞ்சம் இருந்து பாக்கத் தெரியாதா ஒங்களுக்கு," என்பதுதான் அதன் சாரம். அது அவன் மனதில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

1926ஆம் வருடக் கடைசியில், கிறிஸ்துமஸ் சமயத்தில், மழை பிடித்துக்கொண்டது. அது பெய்த மாதிரி இல்லை, யாரோ கவிழ்த்துவிட்டு எடுக்க மறந்த மாதிரி இருந்தது. தகரக் கூரையின் கீழே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. பலகைக் கதவு உப்பிச் சாத்த முடியவில்லை. நல்லம்மாள் நெருப்புப் பெட்டியைச் சோற்றுப் பானையின் மேல் வைத்துக் காயவைத்தாள். பக்கிரிசாமி ஆற்றோரம் ஒரு குச்சியை நட்டுவைத்து, அரைமணிக்கு ஒரு தடவை கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் குச்சியைக் காணோம்.

நாலாம் நாள் விடிந்தபோது தண்ணீர் தோட்டத்துக்குள் வந்திருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து வரவில்லை. கீரைப் பாத்திக்குள்ளேயே, நண்டு வளைகளிலிருந்து குபுகுபுவென்று மேலே வந்தது. மண்புழுக்கள் பந்தல்காலில் ஏறிக்கொண்டிருந்தன. நல்லம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்று, பூசணிக்காய்களைக் கயிற்றால் உறிகட்டிப் பந்தலில் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வேலாயுதம் ஆள் அனுப்பினார். பெட்டாலிங் பக்கம் ரயில் ரோட்டுக் கரை சரிகிறது, கேங் முழுவதும் உடனே வர வேண்டும். வாசலில் கேத்தரின் வீட்டார் சம்பான் படகில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"கேத்தரின் கூப்பிடுறா. நானும் கூடப் போயிடட்டுமா?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

பக்கிரிசாமி தண்ணீரைப் பார்த்தான், பூசணியைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக நிதானமாக யோசித்தான். அதுதான் வினை.

"நம்ம வீடும் ரயில் ரோடும் ஒரே மட்டம். வீட்டுக்குள்ள தண்ணி வரணும்னா மொதல்ல ரோடு முங்கணும். நான் பதினாலு வருசமா அந்த ரோட்டுல நடக்குறேன், அது முங்காது. இந்தத் தடவ இருந்து பாப்போம்."

"நெசமாவா?"

"நான் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் படி தாண்டாத."

தண்டவாளத்தோடு புழங்கியவனுக்கு மட்டுமே வரக்கூடிய நம்பிக்கை அது. கடலே வந்தாலும் ரயில் ரோடு மேலே நிற்கும் என்பது கேங்காரர்களுக்கு ஒரு மதம். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பூசணிக்குப் போனாள்.

பெட்டாலிங்கில் சாக்குச் சாக்காக ஜல்லி சுமந்து சரிவில் கொட்டினார்கள். கொட்டியது எல்லாம் போன இடம் தெரியவில்லை. மத்தியானம் பின்னாலிருந்து ஓடிவந்த ஒருவன், அவர்கள் வந்த வழியில் பந்தாய் அருகே ரோடு அறுத்துக்கொண்டது என்றான். பக்கிரிசாமி நம்பாமல் போய்ப் பார்த்தான். கரை இருந்த இடத்தில் ஆறு ஓடியது. அதன் மேலே தண்டவாளம் இரண்டும், கட்டைகள் தொங்க, கயிற்று ஏணி மாதிரி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்தில் அவை நேராகத் தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போயின.

அவன் மட்டத்தைக் கணக்குப் போட்டான். ரோடு முங்கிவிட்டது. அப்படியானால் வீடு.

தண்ணீருக்குள் குதிக்கப் போனவனை நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். "நீ செத்தா அவளுக்கு என்னடா லாபம்," என்று வேலாயுதம் அடிக்காத குறையாகத் திட்டினார். மறுநாள் விடிகிறவரைக்கும் அவனைப் பெட்டாலிங் ஸ்டேஷனிலேயே வைத்திருந்தார்கள். அவன் உட்காரவில்லை. படி தாண்டாத என்று சொன்ன தன் குரலே தன் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நல்லம்மாள் யார் சொன்ன சொல்லையும் கேட்கிறவள் இல்லை. ஆனால் இதைக் கேட்பாள், போன வருடம் தானே பேசிய பேச்சுக்குக் கட்டுப்பட்டாவது கேட்பாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

காலையில் ரப்பர்க் காடுகளின் மேட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றி நடந்து, உச்சிப்பொழுதுக்குப் பிரிக்பீல்ட்ஸ் வந்தான். தெரு இருந்த இடத்தில் சம்பான்கள் போய்க்கொண்டிருந்தன. பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் ஏற்றிக்கொண்டார். லைன் வீடுகளின் கூரை முகடுகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. முருங்கையின் உச்சி தெரிந்ததால் தன் வீடு எது என்று கண்டுபிடித்தான். பந்தல் இல்லை. பூசணி ஒன்று கயிற்றோடு முருங்கைக் கிளையில் மாட்டிக்கொண்டு மிதந்தது.

"நல்லம்மா," என்று கூப்பிட்டான். இரண்டு மூன்று தடவை கூப்பிட்டான்.

கூரையில் ஒரு தகரம் உள்ளிருந்து வெளியே நெம்பித் தள்ளப்பட்டு நிமிர்ந்து நின்றது. அதன் விளிம்பில் சேலைக் கிழிசல் ஒட்டியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தான். பழுப்புத் தண்ணீரும் ஒரு மரப்பெட்டியும் தவிர ஒன்றுமில்லை. மேலே ஏறியிருக்கிறாள். ஏறியவளை யாராவது எடுத்தார்களா, ஆறு எடுத்ததா?

மலாய்க்காரர் அவனை மாதாகோயில் பள்ளிக்கூடத்து மேட்டில் இறக்கிவிட்டார். அங்கே கேத்தரின் இருந்தாள். அவனைக் கண்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கையப் புடிச்சு இழுத்தேண்ணே. வரமாட்டேன்னுட்டா. அவங்க வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க, நான் போயிட்டா என்னைய எங்கன்னு தேடுவாங்கன்னு சொன்னா."

கேத்தரின் நீட்டிய கோப்பியைக்கூட வாங்காமல் திரும்பி நடந்தான்.

அடுத்த மேட்டில் இன்னொரு பள்ளிக்கூடம். மாடி முழுவதும் வெள்ளத்தில் எடுத்து வந்த பெண்கள். ஆண்களை மேலே விடவில்லை. கீழே மேசை போட்டு, மூக்குக் கண்ணாடி போட்ட இளவயதுச் சீனக் கிராணி ஒருவர் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். தகரத்தில் மழை இரைச்சல். கீழே நிற்கிறவர்கள் மேலே பார்த்தும், மேலே இருப்பவர்கள் கீழே பார்த்தும் தங்கள் ஆட்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். பக்கிரிசாமி தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் விசாரித்தான். பக்கிரிசாமி பெண்சாதி இருக்கிறாளா? கிராணி விரலை ஓட்டிப் பார்த்தார். அப்படி ஒரு புருஷன் பெயரே நோட்டில் இல்லை.

"நல்லம்மாள்னு?"

ஒரு நல்லம்மாள் இருக்கிறாள் என்றார் கிராணி. ஆனால் அவள் கைம்பெண், புருஷன் இல்லை.

"அது வேற ஆளு. என் பொஞ்சாதிக்கு நான் இருக்கேனே," என்றான்.

எந்தத் தோட்டத்தில் போய்க் கூப்பிட்டாலும் நாலு நல்லம்மாள் திரும்பிப் பார்ப்பார்கள். பாவம், யாரோ ஒருத்தி என்று ஒரு நொடி இரங்கவும் செய்தான். ஒரு தடவை கூட்டிவந்து காட்டச் சொல்லியிருக்கலாம். நின்று கேட்கத் தெரிந்த மனிதனாக இருந்தால் செய்திருப்பான். அதற்குள் அவன் கால் தெருவுக்கு வந்துவிட்டது.

பாலத்துக்குக் கீழே ஒரு பெண்ணைக் கரையேற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். போனான். கோணிக்கு வெளியே பாதம் தெரிந்தது. நல்லம்மாளுடையது மாதிரியே வெடிப்பு விழுந்த பாதம். போலீஸ்காரர் கோணியைத் தூக்கினார். வேறு முகம். பக்கிரிசாமிக்கு நெஞ்சு நிறைய சந்தோஷம் பொங்கியது, உடனே அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் எவனாவது இப்படி எங்கேயோ அலைந்துகொண்டுதானே இருப்பான். குனிந்து கோணியை அவனே சரியாக இழுத்து மூடிவிட்டு நகர்ந்தான்.

மூன்றாவதாகப் போன இடம் ஒரு போலீஸ் ஸ்டேஷன் முற்றம். அரிசி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் ஒரு கிராணி, இங்கேயும் ஒரு நோட்டு. வரிசையில் அவனுக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் நின்றார்கள். கிராணி ஒருத்தியிடம், "லாக்கி பேர் என்ன?" என்று கேட்டார். லாக்கி என்றால் புருஷன். அவள் வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றவளை முழங்கையால் இடித்தாள். இடிபட்டவள், "அவரு பேரு நாகையாங்க," என்றாள். கிராணி எழுதிக்கொண்டார்.

பக்கிரிசாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு நேரம் அவன் ஒரே இடத்தில் நின்றது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

கேத்தரின் மாதாகோயிலில் இருக்கிறாள். அப்படியானால் நல்லம்மாளிடம் லாக்கி பேர் கேட்டபோது அவள் யாரை இடித்திருப்பாள்? இடிக்க ஆளில்லை. தலையைக் குனிந்திருப்பாள். கிராணி மறுபடி கேட்டிருப்பார், அவள் இன்னும் குனிந்திருப்பாள், கண்ணில் தண்ணீரும் வந்திருக்கும். கழுத்தில் கிடக்கிற தாலிக்கு என்ன அர்த்தம் என்று சீனக் கிராணிக்கு எப்படித் தெரியும்? செத்துப்போன புருஷனைப் பற்றிக் கேட்டுத் துன்பப்படுத்துகிறோம் என்று நினைத்து, நல்ல மனதோடு கைம்பெண் என்று எழுதி நோட்டை மூடியிருப்பார்.

வரிசையை விட்டுக் குதித்து ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு தடவை விழுந்தான். காலில் என்னவோ கிழித்தது, குனிந்து பார்க்கவில்லை. மேட்டின் மேல் ஏறி, மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க, "அந்தக் கைம்பொண்ணு என் பொஞ்சாதி," என்றான் தமிழிலேயே. பிறகு மலாயில் சொன்னான். பிறகு தன் நெஞ்சில் அடித்துக் காட்டினான். கிராணிக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. முகம் வெளுத்து, நோட்டை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் மாடிப்படி ஏறினார்.

வராந்தாவின் கடைசியில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் நல்லம்மாள். கிழிந்த சேலை உடம்பிலேயே காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில், மாற்றிக் கட்டிக்கொள்ள அங்கே கொடுத்த வெள்ளைத் துணி மடிப்புக் கலையாமல் கிடந்தது. தகரத்தை நெம்பிய கைகள் இரண்டும் புண்ணாகி வீங்கியிருந்தன.

அவள் எழுந்திருக்கவில்லை. "படி தாண்டாதன்னு சொன்னீங்க. நான் தாண்டல. தண்ணிதான் தாண்டுச்சு," என்றாள்.

"தப்பு என்னோடதுதான்," என்றான். அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"கொஞ்ச முன்ன கீழ வந்தீங்கள்ல?"

"ஆமா."

"மேலேருந்து பாத்தேன். ஏங்க, ஏங்கன்னு தொண்ட கிழியக் கத்துனேன். யாரு யாரோ திரும்பிப் பாத்தாங்க. நீங்க பாக்காமப் போயிட்டீங்க." மாடிப்படியைக் கையால் காட்டினாள். "எறங்கி ஓடியாந்தேன், அதுக்குள்ள காணோம். பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பீங்க. வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்."

நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவன் சொல்லவேண்டியதாயிற்று. நல்லம்மாள் கிராணியைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள்.

"அதான் எல்லாரும் என்னைய ஒரு மாதிரிப் பாத்தாங்களா? பேரச் சொல்லாம இருந்தா ஆயுசு கெட்டின்னாங்க எங்கம்மா. சொல்லாததுக்கு ஒங்கள ஒரேயடியா கொன்னுல்ல போட்டுட்டேன்."

கிராணி சங்கடத்தோடு பென்சிலால் ஒரு சொல்லை அடித்தார். அந்த இடத்தில் எழுதுவதற்காகப் பக்கிரிசாமியின் முகத்தைப் பார்த்து, பெயர் என்ன என்று கேட்டார். அவன் வாயைத் திறந்தான்.

"நீங்க இருங்க," என்றாள் நல்லம்மாள்.

தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"பக்கிரிசாமி."

மேஸ்திரி திட்டியும் கேத்தரின் கேலி செய்தும் அவன் ஆயிரம் தடவை கேட்ட பெயர். அந்தக் குரலில் பதினேழு வருடத்தில் கேட்டதே இல்லை. அவனுக்கு அழுகை வந்தது. மறைக்க முடியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கிராணிக்குப் பெயர் பிடிபடவில்லை. அவள் மறுபடி சொன்னாள். பிறகு துண்டு துண்டாக, பென்சில் எழுதி முடிக்கிறவரை காத்திருந்து காத்திருந்து சொன்னாள்.

"சரியா எழுதிட்டாரான்னு பாருங்க," என்றாள் அவனிடம்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பார்த்தான். அவனுக்கும் படிக்கத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. "எழுதுன மாதிரிதான் இருக்கு," என்றான்.

அவளுக்கு அது போதவில்லை. கிராணியின் பக்கம் திரும்பி, கீழே நின்ற கூட்டத்துக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள்.